இரண்டு துப்பாக்கிகளை ஒரே இலையில் வைத்தது

1

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றுபோனது. முசிறிக்குப் பக்கத்தில் பாதிரிமார் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டப் பழகியதோடு சரி. ஒரு வாக்கியம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பது எழுதும்போது எனக்குத் தெரிவதில்லை. மறதி வேறு. உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்று மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான்.

அக்கரையில் இருப்பவர்கள் எழுதுவதை உங்கள் பத்திரிகையில் படித்திருக்கிறேன். கப்பலில் வந்த கஷ்டம், தோட்டத்துக் கஷ்டம், பிள்ளைகள் மலாய் பேசிக்கொண்டு தமிழை மறப்பது என்று எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான். என் பேத்தியும் "சாப்பிட வா" என்றால் "நந்தி லா" என்கிறாள். அப்புறம் வருகிறாளாம். ஆனால் நான் எழுதப்போவது இரண்டு துப்பாக்கிகளைப் பற்றி. கிழவிக்கு இது எதற்கு என்று நினைப்பீர்கள். ஆண்பிள்ளைகள் நடுவில் நின்று பேசிப் பழகியவள் இல்லை நான். எழுதினால் யார் முகத்தையும் பார்க்கவேண்டாம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ஆயுத பூஜை. நேற்று மத்தியானம் ஒரு விஷயம் தெரியவந்தது. இந்த எழுத்து கோணலாக இருப்பதற்கு என் படிப்பு மட்டும் காரணம் இல்லை.

2

இப்போது நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். என் மகன் மாணிக்கம் ஒரு சீனத் தவுக்கேயின் இரும்புப் பட்டறையில் ஈயச் சுரங்கத்துப் பம்புகளுக்கு உருப்படி வார்க்கிறான். முதலாளியைத்தான் இங்கே தவுக்கே என்கிறோம். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை எங்களுக்கு. காலையில் எழுந்து தண்ணீர் பிடிப்பேன், பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன், மருமகள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போனால் நான் பருப்பில் கல் பொறுக்குவேன். என் கண் இன்னும் நன்றாக இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கண்ணை நினைத்து எனக்குக் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் வரை செமோருக்குப் பக்கத்தில் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், இருந்தோம். என் வீட்டுக்காரர் கொல்லர். தோட்டத்து மண்வெட்டி, பால்வெட்டும் கத்தி எல்லாம் அவர் கைப்பட்டதுதான். சுற்றுவட்டாரத்துத் துரைமார் சனிக்கிழமை சாயங்காலம் சுண்ணாம்பு மலை அடிவாரத்தில் கூடி, பலகையில் ஒட்டிய காகிதத்தைக் குறி பார்த்துச் சுடுவார்கள். அந்தத் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு வைக்கிற வேலையும் அவருக்கு வந்தது. அவர் போன பிறகு மாணிக்கத்துக்கு வந்தது. துடைக்கிறது எப்போதும் நான்தான்.

துப்பாக்கிகள் இரண்டு. ஒரே ஊரில் ஒரே மாதிரி செய்தவை. ஒரு சமயத்தில் ஒரு தோட்டாதான் போடமுடியும். கைப்பிடிக்கு அடியில் உள்ள வளைபிடியைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையின் முன்பக்கம் தாழும், குழலின் வாய் திறக்கும். தோட்டாவை வைத்து வளைபிடியை மேலே மூடினால் கட்டை எழும்பி வாயை அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் எது எது என்று சொல்லமுடியாது. உள்ளே பிரித்தால்தான் தெரியும்.

அவர் இரண்டுக்கும் இரண்டு துணி வைத்திருந்தார், பழைய வேட்டியைக் கிழித்தது. ஒன்றுக்குச் சிவப்புக் கரை, ஒன்றுக்குப் பச்சைக் கரை. ஒரு துப்பாக்கியைப் பிரித்தால் அதன் துணிமேல், கழன்ற வரிசையில் வைக்கவேண்டும். அதைத் துடைத்துப் பூட்டி மூலையில் சாத்திய பிறகே மற்றதைத் தொடவேண்டும். இரும்பில் புள்ளி குத்தி அடையாளம் வைக்கலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "துரை சாமானுல நாம புள்ளி குத்தக்கூடாது. துணி போதும்," என்றார். அதனால் நாங்களும் துப்பாக்கிகளைச் சிவப்பு, பச்சை என்றே சொன்னோம்.

வருஷக்கணக்கில் துடைத்ததில் இரண்டின் குடலும் எனக்கு மனப்பாடம். சிவப்பின் ஊசி, அதுதான் தோட்டாவின் பின்பக்கத்தில் போய்க் குத்துகிறது, நுனி கொஞ்சம் உருண்டை. பச்சையின் ஊசி தட்டை. ஊசியைச் சுற்றியிருக்கும் சுருள்கம்பி சிவப்பில் ஒரு சுற்று குறைவு. சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டை வெளியே தள்ளுகிற கவை இரண்டிலும் ஆட்டுக் குளம்பு மாதிரி இருக்கும். பச்சையில் ஒரு குளம்பு சற்றுத் தேய்ந்திருக்கும்.

இவை எல்லாம் மாறினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பார் அவர். மாறக்கூடாதவை இரண்டு. ஒன்று உள்ளே இருக்கும் குதிரை. அதுதான் ஊசியை இழுத்துப் பிடித்திருந்து விடுகிறது. அதன் வயிற்றில் ஒரு காடி வெட்டியிருக்கும். இன்னொன்று விரல் வைத்து இழுக்கும் விசை. அதன் மேல்முனை மூக்குப் போல இருக்கும். குதிரையின் காடியில் விசையின் மூக்கு உட்கார்ந்திருக்கும்வரை துப்பாக்கி சும்மா இருக்கும். மூக்கு நழுவினால் வெடிக்கும். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கு விசை லேசாக இருக்கவேண்டுமாம். அதனால் அந்தக் காடியையும் மூக்கையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி கல்லில் தேய்த்து வைத்திருப்பார்கள். சிவப்பில் காடி ஆழம் கம்மி, மூக்கு மெல்லிசு. பச்சையில் காடி ஆழம், மூக்கு மொக்கை. வித்தியாசம் ஒரு நகத்தின் கனம்கூட இருக்காது.

3

எங்கள் அப்பாவுக்கும் ஊரில் உலைக்களம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல்நாள் உலையை அணைத்து, சாம்பல் வாரி, தரையை மெழுகுவோம். சாமான்களை இலையில் அடுக்குவது பெண்பிள்ளைகள் வேலை. இடுக்கி எல்லாம் ஒரு பக்கம், சுத்தியல் எல்லாம் ஒரு பக்கம், அரம் எல்லாம் ஒரு பக்கம், பெரியதிலிருந்து சிறியது வரை. இனம் இனமாக அடுக்கினால்தான் பார்க்க லட்சணம் என்பாள் எங்கள் அம்மா. அடுக்கிச் சந்தனம் வைத்துக் கும்பிட்டால் மறுநாள் வரை தொடக்கூடாது. அவைகளுக்கும் ஒருநாள் ஓய்வு.

தோட்டத்துக்கு வந்த பிறகு என் வீட்டுக்காரர் இரண்டு துப்பாக்கிகளையும் பிரிக்காமல் முழுசாகத்தான் சுவரில் சாத்தி, மரக்கட்டையில் பொட்டு வைப்பார். அவர் இறந்த பிறகு வந்த பூஜையில் குங்குமம் கட்டையில் ஊறி, ஒரு துரையின் வெள்ளைச் சட்டையில் ஒட்டிக்கொண்டது. "இனிமேல் துப்பாக்கியில் ஒன்றும் பூசக்கூடாது," என்று கிராணியிடம் சொல்லி அனுப்பினார். கிராணி என்பது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை.

போன வருஷம் பூஜை வந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட இரும்புக்குப் பொட்டு இல்லாமலா? துரை பார்க்கிற இடத்தில்தானே வைக்கக்கூடாது, துரை பார்க்காத இடத்தில் வைத்தால் என்ன என்று தோன்றியது. மாணிக்கத்திடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ஒனக்கும் துரைக்கும் சண்டை மூட்டாம விடமாட்ட போலிருக்கே. சரிம்மா, பிரிச்சுத் தாரேன்."

பிரித்துக் கொடுத்துவிட்டு அவன் பழம் வாங்கப் போய்விட்டான். நான் இலையை விரித்தேன். ஒரே இலை, தலைவாழை. என் கை ஊர் வழக்கப்படி வேலை செய்தது. ஊசி இரண்டும் ஒரு பக்கம். சுருள்கம்பி இரண்டும் ஒரு பக்கம். கவை இரண்டும், குதிரை இரண்டும், விசை இரண்டும் ஜோடி ஜோடியாக. ஒவ்வொன்றுக்கும் கடுகளவு சந்தனம். சிவப்புக் கரைத் துணியும் பச்சைக் கரைத் துணியும் மடித்தபடி என் மடியில் இருந்தன.

சுடும்போது பலகைக்குக் கீழே குழியில் பதுங்கி, இடையிடையே எழுந்து காகிதம் மாட்டுகிற அந்தோணி அப்போது வந்தார். வேதக்காரர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயசு சின்னவர், பக்கத்து லயத்தில் குடியிருப்பு. இலையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கல்யாணமா? எல்லாம் ஜோடி ஜோடியா ஒக்காந்திருக்கு," என்றார்.

"பேசாம சுண்டல் வாங்கிக்கிட்டுப் போ," என்றேன்.

"உங்க சாமி நம்ம துரைக்கும் கொஞ்சம் குறி பாக்கச் சொல்லிக் குடுக்கட்டும். போன சனிக்கெழம பூரா மலையத்தான் சுட்டாரு. நான் குழிக்குள்ள ஒக்காந்து ஜெபமாலை உருட்டிக்கிட்டிருந்தேன்."

மறுநாள் காலையில் எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவினேன். இரண்டு துணிகளையும் விரித்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன். ஊசியில் சந்தேகமில்லை. கம்பியில் இல்லை. கவையில் இல்லை. குதிரையும் தெரிந்தது. விசை இரண்டையும் எடுத்தபோது வெளியே மழை இருட்டு. ஒரு கணம் நின்றேன். பிறகு வைத்துவிட்டேன்.

மாணிக்கம் பூட்ட உட்கார்ந்தபோது கேட்டான்: "எது எதுக்குன்னு தெரியுமாம்மா?"

"தெரியும்," என்றேன்.

4

அந்தச் சனிக்கிழமை துரைமார் சுடுகிற இடத்துக் கொட்டகையில் நானும் இருந்தேன். சுட்டு முடித்ததும் துடைக்கத் துணி கொண்டுபோவது என் வேலை. துரைமார் பக்கம் போகமாட்டேன், கொட்டகைத் தட்டியின் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன்.

பச்சையை வைத்திருந்த துரை முதலில் ஏதோ முணுமுணுத்தார். கிராணி மாணிக்கத்திடம், "விசை கனக்குதாம்," என்றார். "எண்ணெய் கெட்டியாயிருக்கும், ரெண்டு தடவ சுட்டா சரியாயிடும்," என்றான் அவன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சிவப்பை எங்கள் தோட்டத்துத் துரை வைத்திருந்தார். இரண்டு தோட்டா நன்றாகச் சுட்டார். மூன்றாவதைப் போட வளைபிடியை இழுத்தார். அந்தோணி குழியிலிருந்து எழுந்து பழைய காகிதத்தை உரித்துப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தார். ஆள் எழுந்து நிற்கும்போது தோட்டா போடக்கூடாது என்பது அங்கே சட்டம். துரை மறந்துவிட்டார் போலிருக்கிறது. தோட்டாவை வைத்து, பக்கத்துத் துரையோடு பேசிக்கொண்டே, துப்பாக்கியைப் பலகையைப் பார்க்க வைத்தபடி, பிடியைத் தட்டி மூடினார். அவருடைய விரல் விசையில் இல்லை. உள்ளங்கைதான் பிடியில் இருந்தது. நான் பார்த்தேன்.

வெடித்தது.

எப்போதும் கேட்கிற அதே சத்தம்தான். மலையில் பட்டு ஒரு தடவை திரும்பி வந்தது. அந்தோணி பலகைச் சட்டத்தைப் பிடித்தபடியே நின்றார். கத்தவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார், யாரோ அவரிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த சாமானைப் போல. அப்புறம்தான் காகிதம் சிவந்தது.

மடியில் இருந்த இரண்டு துணியையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். யாரோ என் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடிப்போய் அந்தோணியின் கையில் சுற்றினார்கள். அது பச்சைக் கரை. அந்த நேரத்தில் நான் அதைக் கவனித்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஈப்போ ஆஸ்பத்திரியில் பத்துநாள் வைத்திருந்தார்கள். காயம் புரை ஓடிவிட்டது. ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துவிட்டார்கள்.

5

திங்கட்கிழமை போலீஸ் அதிகாரி வந்தார், வெள்ளைக்காரர். கூட இரண்டு மாத்தா, அதாவது போலீஸ்காரர்கள். துப்பாக்கி இரண்டையும் மேஜைமேல் போட்டிருந்தார்கள். அவர் இங்கிலீஷில் கேட்க, கிராணி தமிழில் கேட்டார்.

"துப்பாக்கியப் பூட்டினது யாரு?"

"நான்தான்," என்றான் மாணிக்கம்.

"துடைச்சது?"

"நான்தான்."

நான் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு துரையிடம் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. 'நான்தான் துடைச்சேன், இலையில வெச்சது நான்' என்று வாய்வரை வந்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தேன். கிராணி திரும்பிப் பார்த்து, "இங்க பொம்பளைங்களுக்கு என்ன வேலை? போங்கம்மா," என்றார். போய்விட்டேன். அவர் சொன்னதற்காகப் போனேன் என்று ஒரு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

பெயர் கேட்டார்கள், அப்பா பெயர் கேட்டார்கள். காகிதத்தில் எப்படி எழுதினார்களோ, வேலையிலிருந்து நீக்கிய சீட்டு வந்தபோது அதில் என் வீட்டுக்காரர் பெயர்தான் இருந்தது. துடைக்காமல் அழுக்கு விட்டதால் துப்பாக்கி வெடித்தது, கவனக்குறைவு, இனித் துப்பாக்கி தொடக்கூடாது என்று, உயிரோடு இல்லாத மனுஷன் பெயரில். இரண்டு துணி கிழித்து வைத்த மனுஷன் பெயரில். திருத்திக் கொடுக்கச் சொல்லி மாணிக்கம் இரண்டு ஆபீசுக்கு நடந்தான். ஒரு இடத்தில் இன்னொரு இடத்தைச் சொன்னார்கள். அங்கே போனால், உன் பெயர் இதில் இல்லையே, உனக்கு என்ன என்றார்கள்.

ஆள் எழுந்து நிற்கையில் தோட்டா போட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாங்கள் மூன்றுநாளில் லயத்தைக் காலி செய்தோம்.

6

நேற்று மாணிக்கம் இலை விரித்தான். அதில் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் வைத்தான். சுத்தியல் இல்லை, இடுக்கி இல்லை. மருமகள் கேட்டதற்கு, "சாமானெல்லாம் தவுக்கேயோடது," என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டான். சீனருக்கு எங்கள் பூஜை ஏது?

மத்தியானம் அந்தோணி வந்தார், செமோரிலிருந்து பஸ் ஏறி. இப்போது தோட்டத்தில் ஜாகா வேலை, காவல்காரர். பால்வெட்டும் கத்தி பிடிக்க முடியாதே. உட்கார்ந்ததும் இடது கையால் சட்டைப் பையிலிருந்து இரண்டு சின்ன மூட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"புதுத் துப்பாக்கி வந்துருச்சுக்கா. பழசு ரெண்டையும் ஒடச்சுக் குழலைத் தட்டி நசுக்கிட்டாங்க. ஒடைக்க வந்த ஆளு உள்சாமானைக் குப்பையில கொட்டப்போனான், நான் கேட்டு வாங்கிட்டேன். இது வெடிச்சதோட சாமான், போலீஸ் கட்டின சீட்டு அந்தத் துப்பாக்கியில அப்படியே இருந்துச்சு. இது இன்னொன்னோட சாமான். ஒன்னு கழட்டினதும் கட்டிட்டுத்தான் அடுத்ததைக் கழட்டச் சொன்னேன். கலக்கல."

"எதுக்கு இதெல்லாம்?"

"ஒரு வருஷமா யாரைத் திட்டுறதுன்னு தெரியலக்கா. திங்கக்கெழம துரையத் திட்டுறேன், செவ்வாக்கெழம மாணிக்கத்தத் திட்டுறேன். ஞாயித்துக்கெழம கோயில்ல போய் ரெண்டு பேருக்கும் மன்னிப்புக் கேக்குறேன். சாமிக்கே சலிச்சிருக்கும். கண்ணு உங்களுக்குத்தான் இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

மூட்டைகளைப் பிரித்தேன். ஒரு வருஷத் துரு. மண்ணெண்ணெயில் துடைத்தேன். வாசலில் நல்ல வெயில். பித்தளைத் தட்டைக் கவிழ்த்து இந்தப் பக்கம் வெடித்ததன் குதிரை, விசை. அந்தப் பக்கம் மற்றதன் குதிரை, விசை. நான்கே உருப்படி.

வெடித்தது சிவப்பு. குதிரையைத் திருப்பினேன். காடி ஆழமில்லை. சரி, சிவப்பின் குதிரைதான். விசையை எடுத்து மூக்கை நகத்தால் தடவினேன்.

மொக்கை.

மறுபடியும் தடவினேன். மற்ற மூட்டையின் விசையைத் தடவினேன். மெல்லிசு. கத்தி முனை மாதிரி நகத்தில் ஏறியது. மெல்லிய மூக்கை எடுத்துச் சிவப்பின் காடியில் பொருத்தினால் குழந்தை வாயில் பால்பல் மாதிரி உட்கார்ந்தது. மொக்கை மூக்கை வைத்தால் உதட்டில் நின்றது, உள்ளே போகவில்லை. லேசாகத் தட்டினேன். நழுவியது.

என் காதில் அந்தச் சத்தம் கேட்டது. மலையில் பட்டுத் திரும்பி வந்ததும் கேட்டது. அந்தோணி, "என்னக்கா, என்னக்கா?" என்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன், ஒரே மூச்சில், இலை, ஜோடி, மழை இருட்டு, 'தெரியும்' என்று சொன்னது, தட்டிக்குப் பின்னால் நின்றது எல்லாம். பிறந்ததிலிருந்து ஒரு வேற்று ஆணிடம் அவ்வளவு பேச்சு நான் பேசியதில்லை.

மருமகள் கொண்டுவந்த தேத்தண்ணீர் ஆறியது.

கடைசியில், "கல்யாணமான்னு நான்தானே கேட்டேன்," என்றார். சிரிக்கவில்லை. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா. ஒரு வருஷமா அந்தப் பயகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல நான்."

அப்போது மாணிக்கம் சாப்பிட வந்தான். தட்டையும் நான்கு உருப்படியையும் என்னையும் பார்த்தான். வாசலிலேயே நின்றான்.

"மாணிக்கம், வெசை மாறியிருக்குடா. நான்தான் மாத்தி வெச்சேன்," என்றேன்.

"தெரியும்மா," என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்குச் சாயங்காலமே பிரிச்சுப் பாத்தேன். அந்தோணி அண்ணன லாரியில ஏத்தினப்புறம். பாத்தேன், அப்படியே பூட்டி வெச்சுட்டேன். ஒன்னைய அந்த மேஜைக்கு முன்னால நிக்க வெச்சு அவன் கேள்வி கேக்குறத நான் பாத்துக்கிட்டிருக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான். தினமும் கழுவுவதுபோல, முழங்கை வரை, மணல் தேய்த்து.

ஒரு வருஷம். அவன் முன்னால் சோற்றைப் போட்டு, நீ அவசரத்தில் பூட்டியிருப்பாய் என்று மனசுக்குள் நான் நினைத்த நாட்கள் உண்டு. அதைத்தான் இங்கே எழுதவேண்டும் என்று உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன்.

7

அந்தோணி எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒன்னு இருக்குக்கா. மொதல் ரெண்டு தோட்டா நல்லாத்தானே சுட்டுச்சு? வெசை மாறியிருந்தா அப்பவே வெடிச்சிருக்கணும்ல? மூணாவதுல மட்டும் எப்படி நழுவும்?"

நான் மாணிக்கத்தைப் பார்த்தேன். "ரெண்டு தடவ உதட்டுல நின்னிருக்கும். மூணாவது தடவ துரை பேச்சுவாக்குல ஓங்கித் தட்டினாரு. நழுவியிருக்கும்னு நெனைக்கிறேன்," என்றான்.

"நெனைக்கிறதெல்லாம் வேணாம் மாணிக்கம். போனது ரெண்டு வெரலு. உங்கம்மா தப்பா, துரை ஓங்கி மூடினது தப்பா, இல்ல அவங்க எழுதினாப்புல அழுக்குத்தானான்னு எனக்குச் சரியாத் தெரியணும். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வையுங்க. நான் கோயில் முடிஞ்சு ஞாயித்துக்கெழம வாரேன்."

"ஊருக்கு எழுதிக் கேக்கணும். கப்பல் போய் வரணுமே," என்றேன்.

"அப்ப எல்லா ஞாயித்துக்கெழமையும் வாரேன்," என்றார். ஆறிப்போன தேத்தண்ணீரை மூன்று விரலால் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். நான் செய்ததை மன்னித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவர்கள் இருப்பீர்கள். ஜமீனில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். நான் எழுதியதில் பிழை இருக்கலாம்; சிவப்பின் சுருள்கம்பி ஒரு சுற்றுக் குறைவா, பச்சையினுடையதா என்று எழுதும்போதே சந்தேகம் வந்தது. அது போனால் போகட்டும். குதிரையும் விசையும் மட்டும் பாருங்கள். அந்த நான்கையும் தனிக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, மூக்கும் காடியும் எங்கே என்று குறித்து, இதோடு அனுப்புகிறேன். ஆழமில்லாத காடியில் மொக்கை மூக்கு இரண்டு தடவை நின்று மூன்றாவது தடவை, விரல் படாமல், பிடியை மூடின அதிர்ச்சியில் நழுவுமா?

நழுவும் என்றாலும் எழுதுங்கள், நழுவாது என்றாலும் எழுதுங்கள். எது வந்தாலும் அந்தோணியிடம் நானே படித்துக் காட்டுவேன். ஒன்றே ஒன்று. எங்களுக்குத் தெரியும் என்று நினைவிலிருந்து எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்ட துப்பாக்கி இரண்டைத் திறந்து, தனித்தனித் துணியில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.